பள்ளிக்கூடச் சுவரில் ஓர் இரும்பு முளை

ஹோக்வேன்,
13 மார்ச் 1911.

அன்புள்ள தம்பி ருட்கருக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அத்தானும் ஆறு பசுக்களும் சுகம். உன் வயிறு எப்படி இருக்கிறது? சோம்புத் தண்ணீர் குடிக்கிறாயா, இல்லை, உன் வீட்டுக்காரம்மா தரும் கருங்காப்பியையே குடித்துக்கொண்டிருக்கிறாயா?

போன புதன்கிழமை பயிர்களுக்காக மன்றாடும் நாள். ஆலயம் நிறைந்திருந்தது. கொத்தனார் வாசலில் மூன்றாவது படி கட்டி முடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. கைம்பெண் யோசினா நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "போதகரய்யா, நான் இன்னும் பத்து வருசம் இருந்தா எனக்கு ஏணி போடணும் போலிருக்கே!" என்றாள். அதற்குப் போதகரை முந்திக்கொண்டு உன் அத்தான், "கோயில் பரலோகத்தப் பாத்து வளருது, நாமதான் வளரல" என்று சொல்ல, மூப்பர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நான் சிறுமியாக இருந்தபோது ஆலயத்துக்குப் படியே கிடையாது. முதல் படி 1893இல். இரண்டாவது 1902. இப்போது மூன்றாவது. ஒன்பது வருடத்துக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. ஆலயம் மணல் வரைக்கும் இறக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கிறது, அது அசையாது. நம்முடைய பஞ்சு மண்தான், நீராவி பம்பு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, காய்ந்து சுருங்குகிறது. வளர்வது ஆலயம் இல்லை, தம்பி. தாழ்வது நாம்.

அது இருக்கட்டும். ஒரு சந்தேகம். 1894இல் நீ பள்ளிக்கூடச் சுவரில் அடித்தாயே, ஊரின் உயரத்தை அளக்க ஓர் இரும்பு முளை. பள்ளிக்கூடத்துக்கு அடியில் தூண்கள் உண்டா?

குளிருக்கு மார்பை மூடிக்கொள். உனக்காக மன்றாடும்
அக்கா அலீடா.

உட்ரெக்ட்,
4 ஏப்ரல் 1911.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிறு அடங்கியிருக்கிறது. சோம்புத் தண்ணீரைப் பார்த்து வீட்டுக்காரம்மா, "இங்க யாரு பிள்ளை பெத்திருக்கா?" என்று கேட்டாள். ஆனாலும் குடிக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. இப்போதைக்கு உனக்கு மட்டும். எங்கள் பொறியாளர் அலுவலகம் ஆற்றுக்கரைகளைப் பார்க்கும் பகுதிக்கு ஒரு தலைமைப் பொறியாளரை நியமிக்கப் போகிறது. என் பெயர் முதலில் இருக்கிறதாம். கரைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் உத்தரவு போடும் மாகாண நீர்மன்றத்திலும் அவருக்கு ஓர் ஆசனம். அங்கே இதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லாம் வக்கீல்களும் நிலக்காரர்களும்தான். நாங்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கதவோரம் நிற்போம், கேட்டால் விரிப்போம். முதல் தடவையாக ஒரு பொறியாளர் நாற்காலியில் உட்காரப் போகிறார். போன வருடம் நம் ஊர்க் கரையைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் பெரியவர்கள் மெச்சினார்கள். வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரை தேவைக்கு மேலே இருபது சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது என்று காட்டியிருந்தேனே, அதுதான்.

அத்தானுக்கு ஒரு பொட்டலம் புகையிலை அனுப்பியிருக்கிறேன். யோசினா அம்மாளுக்கு என் வணக்கம். பாலாடைக்கட்டி இந்த வருடம் எப்படி?

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்
ருட்கர்.

ஹோக்வேன்,
15 மே 1911.

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும், அது பழைய விருந்தாளி. பதவிச் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே முழங்காலிட்டேன், வலி தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் தெரு முழுவதும் சொல்லியிருப்பாள்.

பாலாடைக்கட்டி நன்றாக வருகிறது. நான் கேட்ட மற்றொன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. வேலை நெருக்கடியில் மறந்திருப்பாய். அதனால் நானே பார்த்தேன்.

முளை அடித்த வருடம் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "பள்ளிக்கூடத்து முளையும் ஆலய வாசற்கல்லும் தற்செயலாக ஒரே மட்டத்தில் அமைந்துவிட்டன. முளையை யாராவது அசைத்தால் வாசற்கல்லை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்" என்று எழுதியிருந்தாய். முளையை ஆலயத்துச் சுவரிலேயே அடிக்கத்தான் நீ விரும்பினாய். மூப்பராக இருந்த அப்பா, "கர்த்தரோட வீட்டுல சர்க்கார் நம்பர் எதுக்கு? அவருக்கு நம்ம உயரம் தெரியாதா?" என்று தடுத்துவிட்டார். உனக்கு அப்போது இருபது வயது.

பள்ளிக்கூடத்தையும் ஆலயத்தையும் ஒட்டி ஒரே வாய்க்கால்தானே ஓடுகிறது. தண்ணீரைவிட நல்ல மட்டம் ஏது? காற்றில்லாத ஒரு காலையில் என் தையல் நாடாவில் ஈயக்குண்டு கட்டி, முளையிலிருந்து தண்ணீர் வரைக்கும் அளந்தேன். பிறகு ஆலய வாசற்கல்லிலிருந்து வாய்க்காலுக்கு மேலே பாலாடைக்கட்டிப் பலகையை நீட்டி, அதன்மேல் ஒரு தட்டில் பால் வைத்து, பால் ஒரு பக்கமாக ஒதுங்காதபடி பலகையைச் சரிசெய்து, அங்கிருந்தும் அளந்தேன்.

இரண்டும் ஒரே மட்டம் இல்லை, ருட்கர். முளை முப்பத்து மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கிறது.

பின்னம் போடக் கற்றுக்கொண்டதே உன் பழைய பள்ளிப் புத்தகத்தில்தான். தப்பாக அளந்திருப்பேன். நீ சொல்லு.

அன்புள்ள
அலீடா.

உட்ரெக்ட்,
10 ஜூலை 1911.

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். முழங்காலுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு. எனக்கு வயிறு மறுபடியும் கொஞ்சம்.

பால்தட்டு! எங்கள் அலுவலகத்தில் பித்தளையும் கண்ணாடியுமாக ஜெர்மனியிலிருந்து வந்த மட்டக்கருவி இருக்கிறது. அதற்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. நீ தட்டில் பாலை ஊற்றி என்னைத் திருத்துகிறாய். அளந்த பாலைப் பூனைக்கு ஊற்றினாயா, அத்தானுக்கா?

சிரிப்பை விட்டுச் சொல்கிறேன். உன் அளவில் ஒரு குறை இருக்கிறது. வாய்க்காலின் அந்தக் கோடியில் பம்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் தண்ணீர் பம்பைப் பார்த்துச் சரியும். ஆலயம் பம்பு பக்கம். ஆகவே அங்கே தண்ணீர் தாழ்ந்திருக்கும், வாசற்கல் உள்ளதைவிட உயரமாகத் தெரியும். ஓடுகிற தண்ணீரை மட்டமென்று எடுக்கவே கூடாது. இதைப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சொல்வார்கள்.

ஆகவே இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். அத்தானிடமும். அவர் ஊர்க்கரையைப் பராமரிக்கும் கரைச்சபையின் உறுப்பினர்; காதில் விழுந்தால் பேசாமல் இருக்க முடியாது. ஒரு மருத்துவர் சொன்னால் ஊர் கேட்கும். பொறியாளர்கள் நாங்கள் சொன்னால், "அளக்கிற ஆளு என்னமோ சொல்றான்" என்றுதான் இத்தனை நாள் இருந்தது. இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதைத் தையல் நாடாவால் கலைக்காதே.

கோபமில்லை. அன்புதான்.
ருட்கர்.

ஹோக்வேன்,
31 ஜூலை 1911.

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் உன் வயிற்றுக்கு ஆறுதல் தருவாராக. பாலைப் பன்றிக்கு ஊற்றினேன். உன் அத்தானுக்கு மோர்தான்.

நீ எழுதியது சரி. பம்பை நான் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். பம்பு ஓடாத நேரம் எது? நம் ஊரில் அது ஒரே ஒரு நாள்தான் நிற்கும். கர்த்தருடைய நாளில்.

ஞாயிற்றுக்கிழமையில் ஊசி தொடாமல் வளர்ந்தவள் நான். உருளைக்கிழங்கைக்கூடச் சனிக்கிழமையே உரித்து வைத்துவிடுவேன். ஒரு வாரம் முழுவதும் மன்றாடினேன். ஞாயிற்றுக்கிழமையும் நாம் பசுவைக் கறக்கிறோம். மடி கனத்து அது வேதனைப்படக் கூடாது என்பதற்காக. அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. பசுவின் மடிக்குக் காட்டும் இரக்கத்தை இந்த ஊரின் இருநூற்றுப் பன்னிரண்டு உயிர்களுக்குக் காட்டினால் அவர் கோபிப்பாரா? பதில் ஒன்றும் வரவில்லை. தடையும் வரவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அது சரியா என்பதை நியாயத்தீர்ப்பு நாளில் அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

இரண்டு ஞாயிறு காற்று. நேற்று இலைகூட அசையவில்லை. ஆராதனைக்கு முன்பே போய், வாய்க்கால் ஓரம் குப்புறப் படுத்து அளந்தேன். யோசினா பார்த்துவிட்டாள். "அலீடா! மோதிரத்தத் தொலைச்சிட்டியா?" என்றாள். "தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். பொய்யில்லை. மூன்று தடவை அளந்தேன்.

முப்பத்தொன்று. மூன்று தடவையும் முப்பத்தொன்று.

உன் பம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கொடுத்துவிட்டேன். மீதியை என்ன செய்ய? கரை தேவைக்கு மேலே இருபது என்று அந்த முளையிலிருந்துதானே அளந்தாய்? முளை முப்பத்தொன்று தாழ்ந்திருந்தால், கரை பதினொன்று குறைகிறது. கழித்தல் கணக்கில் நான் தவறுவதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அலீடா.

உட்ரெக்ட்,
12 செப்டம்பர் 1911.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுத ஆசைதான். மருத்துவர் ஒரு மாதத்துக்குப் பால்கஞ்சி மட்டும் என்கிறார்.

உன் அளவு சரி. பள்ளிக்கூடத்துக்கு அடியில் தூண் கிடையாது; முளையும் அதோடு சேர்ந்து தாழ்ந்திருக்கிறது. இதை எழுத ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

போன வருடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இன்னொரு முளையிலிருந்தும் அளந்து சரிபார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும். என் கையால் அடித்த முளைதானே என்று நம்பிவிட்டேன். மற்றவர் அடித்ததாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

இப்போது நான் கேட்பதைப் பொறுமையாகக் கேள். நியமனம் டிசம்பர் முதல் தேதி. தலைமைப் பொறியாளராக உட்கார்ந்துவிட்டால் எல்லாக் கரைகளையும் மறுபடி அளக்க நானே உத்தரவு போடலாம். நம் ஊரும் அதில் ஒன்றாக வந்துவிடும். வசந்தத்தில் சத்தமில்லாமல் மண் போட்டு உயர்த்திவிடலாம். யாருக்கும் அவமானமில்லை. அந்த நாற்காலியில் அடுத்து வருபவருக்கும் கெட்ட பெயரில்லை. ஒரு குளிர்காலம்தான், அக்கா. கடைசியாக வந்த பெருவெள்ளம் நம் தாத்தா காலத்தில்.

அதுவரை பொறுத்திரு.
ருட்கர்.

ஹோக்வேன்,
16 அக்டோபர் 1911.

அன்புள்ள தம்பிக்கு,

பால்கஞ்சியில் கொஞ்சம் வெண்ணெய் போடச் சொல். வெறுங்கஞ்சி உடம்பைப் பிடிக்காது. இங்கே அனைவரும் சுகம்.

வியாழக்கிழமை கரை பார்க்கும் நாள். கரைச்சபையார் எல்லோரும் வழக்கப்படி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, புல் வெட்டாதவர்களைத் திட்டி, எலி வளைகளைத் தடியால் குத்திவிட்டு, நடுப்பகலில் விருந்துக்கு வந்தார்கள். இந்த வருடம் நம் வீட்டில் விருந்து. பட்டாணி சூப், புகைபோட்ட தொத்திறைச்சி, கடுகு. கரைத்தலைவர் லேன்டெர்ட் மூன்றாவது கிண்ணத்தில் உன் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் தட்டினார்.

"இருபது சென்டிமீட்டர் மிச்சம்! படிச்சவன் எழுதியிருக்கான். அப்ப கரைக்குன்னு படகுத்துறையில குவிச்சு வெச்ச களிமண்ண எதுக்குக் காக்கணும்? செங்கல் சூளைக்காரன் கேக்குறான், குடுத்துடலாம். அடுத்த மாசம் பதிமூணாந்தேதி படகு வருது."

"குளிர்காலக் கூலியாளு?" என்று உன் அத்தான் கேட்டார்.

"வேணாம். மண்ணே இல்லாம எதச் சுமப்பான்? ஹார்மென், உன் மச்சான் எழுதினத நீயே நம்பலன்னா எப்படி?"

"நான் நம்பலன்னு யாருய்யா சொன்னா? அவன் முளையடிச்சப்போ சுத்தியல எடுத்துக் குடுத்ததே நான்தான்!" என்று உன் அத்தான் பெருமையோடு கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் உன் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். லேன்டெர்ட் என்னைப் பார்த்து, "அலீடாம்மா, உங்க தம்பி புண்ணியத்துல இந்த வருசம் நிம்மதியாத் தூங்குவோம்" என்றார்.

நான் கையில் அகப்பையோடு நின்றேன். "இன்னும் கொஞ்சம் சூப்?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டபடியே.

வரும் ஒன்றாம் தேதி அறுவடைக்கு நன்றி சொல்லும் ஆராதனை. அன்று என் வாயிலிருந்து என்ன வருமோ தெரியவில்லை.

அலீடா.

உட்ரெக்ட்,
26 அக்டோபர் 1911.

அக்காவுக்கு,

களிமண்ணை விற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. கரைச்சபைக்கு, என் கையெழுத்தோடு. முளை தாழ்ந்தது, கரை குறைவது, தவறு என்னுடையது: எல்லாம் எழுதியிருக்கிறேன். மூன்று தடவை அஞ்சல் பெட்டி வரைக்கும் போனேன். போட முடியவில்லை. அதனால் உனக்கு அனுப்புகிறேன். நீ லேன்டெர்ட்டிடம் கொடு. அல்லது அடுப்பில் போடு. எது செய்தாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

ருட்கர்.

ஹோக்வேன்,
2 நவம்பர் 1911.

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ எழுதவில்லை.

உன் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. எரிக்கவும் இல்லை. உறை பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பயந்து திருப்பவில்லை. கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு எளிது. நாலு வீடு தள்ளித்தான் லேன்டெர்ட் இருக்கிறார். ஆனால் நான் கொடுத்தால், தம்பி செய்த தப்பை அக்கா கண்டுபிடித்தாள் என்று ஊர் பேசும். நல்ல கதை. பத்து வருடத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த ஊரில் இன்னொரு பொறியாளர் இன்னொரு முளையை நம்பியிருப்பார். அவருக்கு வாய்க்கால் ஓரம் குப்புறப் படுக்க ஓர் அக்கா இருப்பாளா? கரைக்குக் கீழே தூங்குகிறவர்கள் உன் கையெழுத்தை நம்பித்தான் தூங்குகிறார்கள். கையெழுத்து போட்டது நீ. அழிக்க வேண்டியதும் நீதான்.

நேற்று நன்றி ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சங்கீதத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள், நான் எழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உன் அத்தான், "என்னடி, மறுபடி முழங்காலா?" என்றார். அதற்கு மட்டும் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ருட்கர். தொழுவத்துக்குப் போய்விட்டு வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "திங்கக்கிழமை சபை கூடுது. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அவனா வந்து சொல்லட்டும்."

சனிக்கிழமை மதியப் படகு இருக்கிறது. படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். பால்கஞ்சிக்குப் பால் இருக்கிறது.

வந்தாலும் வராவிட்டாலும் உன்
அக்கா.

உட்ரெக்ட்,
21 நவம்பர் 1911.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த ரொட்டி இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. வயிறு ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை, மருத்துவருக்கே ஆச்சரியம்.

சபையில் நடந்ததை அத்தான் பாதிதான் சொல்லியிருப்பார். உன்னை உள்ளே விடவில்லையே என்று எனக்கு அங்கேயே வருத்தமாக இருந்தது. மீதியை எழுதுகிறேன்.

நான் நின்றுகொண்டேதான் சொன்னேன். முடித்ததும் லேன்டெர்ட் புகைக்குழாயை மேசையில் வைத்தார்.

"அப்ப போன வருசம் நீ எழுதினது பொய்யா?"

"பொய் இல்லைங்க. தப்பு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தண்ணி வந்தா ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் சாவேன்."

"ஆமாங்க. ஆனா பொய்யா இருந்திருந்தா இன்னைக்கு நான் வந்திருக்க மாட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

உன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாய்; இங்கே நான் உன் பேச்சைக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். "அக்கா அளந்தா" என்றேன்.

"பொம்பள அளந்ததை வெச்சா நாங்க மண்ணு சுமக்கணும்?"

"அவ மூணு தடவ அளந்தா. நான் ஒரு தடவதான் அளந்தேன். யாரை நம்புறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார். "சூளைக்காரனுக்குச் சொல்லி அனுப்பு, லேன்டெர்ட். மண்ணு இங்கதான் இருக்கும்." எல்லோரும் கை தூக்கினார்கள். லேன்டெர்ட் கடைசியாக, அதுவும் பாதி உயரத்துக்கு.

புது முளையை ஆலயச் சுவரில் அடிக்க மூப்பர்கள் ஒப்புக்கொண்டதும் உனக்குத் தெரியும். துளை போடும்போது போதகர் சங்கீதப் புத்தகங்களின் மேல் தூசி படாமல் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா இருந்திருந்தால் துணியையும் பிடுங்கியிருப்பார்.

இனி என் பக்கம். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தப்பத் திருத்துறது சரி, ருட்கர். அத ஊரக் கூட்டிச் சொல்லணுமா? இப்பத்தான் நம்மளப் பாத்துத் தொப்பியக் கழட்ட ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். அலுவலகத்தின் பின்னறையில் மேசை கொடுத்திருக்கிறார்கள். பழைய வரைபடங்களுக்கு எண் போடுகிறேன்.

வருத்தப்படாதே என்று எழுத நினைத்தேன். உண்மை எழுதுகிறேன்: எனக்கு வருத்தமாக இருக்கிறது. உன்மேல் இல்லை. கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

ருட்கர்.

ஹோக்வேன்,
11 மார்ச் 1912.

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும் புத்தாண்டுக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. நீ சொல்லியிருந்தாய், ஆகவே கவலைப்படவில்லை. அது பொய், கவலைப்பட்டேன். இங்கே கர்த்தருடைய தயவால் அனைவரும் சுகம். யோசினாவுக்கு மட்டும் இருமல்.

கரை உயர்ந்துவிட்டது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆண்கள் எல்லோரும் தள்ளுவண்டியில் மண் சுமந்தார்கள். பெண்கள் சாக்குத் தைத்தோம். உன் அத்தானுக்கு முதுகு இரண்டு வாரம் நிமிரவில்லை. முழுக்க நாற்பது சென்டிமீட்டர். ஆலயத்து முளையிலிருந்து அளந்தார்கள். நானும் கூட நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை.

தண்ணீர் வரவில்லை, ருட்கர். புயல் இல்லை. ஆறு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பழைய கரையின் பாதி உயரம்கூடத் தொடவில்லை. ஊரில் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடையில் ஒருவன் உன் அத்தானிடம், "உன் மச்சான் கனாக் கண்ட தண்ணி எங்கய்யா? வழி தெரியாம நின்னுடுச்சா?" என்றான். இன்னொருவன், "முதல்ல இருபது அதிகம்னான், அப்புறம் பதினொண்ணு குறைவுன்னான், அடுத்த வருசம் என்ன சொல்லுவானோ" என்றான். லேன்டெர்ட் உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் கோபம் வந்தது. சொன்னால் நம்பமாட்டாய், பிப்ரவரியில் ஒரு நாள் காற்று வீசியபோது தண்ணீர் கொஞ்சம் ஏறட்டுமே என்று மனதுக்குள் ஆசைப்பட்டேன். நாலு விரல், உன் பெயருக்காக. உடனே பயந்து மன்னிப்புக் கேட்டேன். ஊருக்குள் தண்ணீர் வராமல் இருக்கத்தானே இத்தனை மண்ணும். வராததை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்போது எழுதக் காரணம் வேறு. நேற்று ஆராதனை முடிந்ததும் லேன்டெர்ட் ஓர் ஆளை வீட்டுக்கு அழைத்து வந்தார். வெஸ்டர்வேன் ஊரின் கரைத்தலைவர். அவர்கள் கரையை அளக்க உங்கள் அலுவலகத்துக்கு எழுதப் போகிறார்களாம். பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார். வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார்:

"புதுத் தலைமைப் பொறியாளரு வேணாங்க. அந்த ஆளுதான் வேணும், தான் தப்புப் பண்ணினேன்னு வந்து நின்னாராமே, அவரு."

நான் லேன்டெர்ட்டைப் பார்த்தேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே, "என்ன பாக்குற? நான்தான் சொன்னேன். அவன் நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இருக்கும். இல்லன்னா இல்லன்னு சொல்லுவான். அது போதாதா?" என்றார். பிறகு, "ஆனா கோவம் எனக்கு இன்னும் போகல, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் பெரியவர் பின்னறையிலிருந்து உன்னை விடுவாரா? உனக்கு விருப்பம் உண்டா? விருப்பமில்லை என்றாலும் சொல்லு. நான் பக்குவமாகச் சொல்லிவிடுவேன். வெஸ்டர்வேன்காரர் வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருவார்.

இரண்டு கடிதத்துக்குப் பதில் எழுதாததை மன்னித்துவிட்டேன். மூன்றாவதற்கு மன்னிப்பு இல்லை.

உன்
அலீடா.

உட்ரெக்ட்,
13 மார்ச் 1912.
அஞ்சலட்டை.

அக்கா,

சுகம். பெரியவர் முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி வருகிறேன் என்று வெஸ்டர்வேன்காரரிடம் சொல். இரண்டு இடத்திலிருந்து அளப்பேன். ஒரு நாள் கூடுதலாக ஆகும், அதற்கு இப்போதே சம்மதிக்கட்டும். லேன்டெர்ட்டின் கோபம் நியாயமானது, அப்படியே இருக்கட்டும். யோசினா அம்மாளுக்கு இருமல் மருந்து இதே அஞ்சலில் வருகிறது.

உன் தம்பி
ருட்கர்.